வானத்துக்கு நான் போட்ட எண்

பிரபஞ்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் பதினொரு மாதம் நானும் இருந்தேன். சம்பளம் இல்லை. தகுதி என்று கேட்டால், பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்குச் சாதாரண சித்தி, அதுவும் இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் பண்ணியது. எனக்கு அந்த வேலை கிடைத்த காரணம் வேறு. எங்கள் இனசனத்தில் வாயைத் திறக்காத ஒரே ஆள் நான்தான்.

வேலையைத் தந்தவள் என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கை முறை. கரவெட்டியில் பிறந்து அங்கேயே படித்தவள். இப்போது அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வானத்தை ஆராய்கிறாள். ஆராய்கிறாள் என்றவுடன் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பதாக நினைக்க வேண்டாம். நாள் முழுக்கக் கணினித் திரையில் கோடுகளைப் பார்க்கிறாள். சின்னம்மாவுக்கு இதில் பெரிய ஏமாற்றம். "உதுக்கு இஞ்சை ஒரு கந்தோரிலை கிளாக்கரா இருந்திருக்கலாமே, பிள்ளை" என்பார்.

போன வருடம் சின்னம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்காகத் தங்கை ஆறு கிழமை லீவில் வந்து நின்றாள். நான் கொடிகாமத்தில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிளில் கரவெட்டிக்குப் போய், சின்னம்மாவின் வாசல் படலையைத் திருத்துவது, தண்ணீர் மோட்டரைப் பார்ப்பது என்று ஏதாவது செய்வேன். வேலை இருந்தால் கதைக்கத் தேவையில்லை. அதனால் எங்கே போனாலும் முதலில் ஒரு வேலையைத் தேடிப் பிடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அவள் கேட்டாள்.

"அண்ணை, சந்தையிலை நீங்கள் உண்மையிலை என்னதான் செய்யிறனீங்கள்?"

"தராசு பாக்கிறனாங்கள்."

"எப்பிடி?"

இருபது வருடத்தில் என் வேலையைப் பற்றி 'எப்பிடி' என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். வியாபாரிகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தருக்கு நான் உதவியாள். பித்தளைப் படிக்கற்கள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போவது என் வேலை. கொடிகாமத்தில் வைக்கும் அதே ஒரு கிலோவைத்தான் பண்டத்தரிப்பிலும் வைக்கிறோம். எங்கள் கல் மாறாது, தராசுதான் மாறும். இதைச் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது.

"நானும் உதைத்தான் செய்யிறன்" என்றாள். "என்ன, என்ரை படிக்கல்லை அங்கை கொண்டுபோக ஏலாது."

பிறகு அவள் விளக்கினாள். ஒளியும் மின்சாரமும் ஒன்றை ஒன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்று சொல்லும் ஓர் எண் இருக்கிறதாம். ஏறக்குறைய நூற்றுமுப்பத்தேழில் ஒரு பங்கு. ஏன் அந்த எண் என்று எவருக்கும் தெரியாது. உலகத்துப் பெரிய படிப்பாளிகளெல்லாம் அதை நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறார்களே தவிர, காரணம் கேட்டால் எங்கள் சந்தை வியாபாரிகள் போல 'அது அப்பிடித்தான் ஐயா' என்கிறார்கள். அது நிறையக் கூடியோ குறைந்தோ இருந்தால் அணுக்கள் இப்படி இருக்காது. நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணியும் இருக்காது, கையும் இருக்காது.

அந்த எண் இங்கே இருப்பதுபோலத்தான் வானத்தின் அந்தக் கரையிலும் இருக்கிறதா? அதுதான் கேள்வி. அங்கே போகமுடியாது. ஆனால் அங்கிருந்து ஒளி வருகிறது. பூமி உண்டாவதற்கு முன்பே புறப்பட்ட ஒளி. வருகிற வழியில் அது ஏதாவது ஒரு வாயு மேகத்துக்குள்ளால் வரும். மேகத்தில் உள்ள இரும்பு, மக்னீசியம் எல்லாம் அந்த ஒளியில் தங்களுக்குரியதைக் கடித்து எடுத்துக்கொள்ளும். கடித்த இடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்தால் அந்த மேகம் இருந்த இடத்தில் அந்த எண் என்ன என்று சொல்லிவிடலாம். இங்கே ஆய்வுகூடத்தில் எடுத்த கோடுகளோடு ஒப்பிட்டால் சரி. வானத்தின் ஒரு பக்கம் சற்றுக் கூட, மறுபக்கம் சற்றுக் குறைய என்று முன்பு சிலர் சொல்லியிருந்தார்களாம். இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்று வேறு சிலர்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன்.

"அதுதான் அண்ணை பிரச்சினை. நான் நினைக்கக் கூடாது. மாறியிருக்கு எண்டு வந்தால் எனக்கு நல்லம். அடுத்த வருசம் நிரந்தர வேலைக்கு நேர்முகம். இவ்வளவு காலமும் ஒப்பந்தத்திலைதான் இழுபடுறன். மாறியிருக்கு எண்டு காட்டினால் வேலை கையிலை. மாறேல்லை எண்டால் நானும் வரிசையிலை ஒருத்தி."

விரும்பிய விடை வந்தால் மனிசர் பிழை தேடுவதை அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்களாம். விரும்பாத விடை வந்தால் மாதக்கணக்காகத் தேடுவார்களாம். இது எனக்கு உடனே விளங்கியது. தனக்கு வசதியாகச் சரிந்த தராசைப் பழுது என்று கொண்டுவந்த வியாபாரியை நான் இதுவரை கண்டதில்லை.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். யாராவது ஒரு வெளி ஆள் கணினிக்குள் ஓர் இரகசிய எண்ணைப் போட வேண்டும். கணினி அதைக் கொண்டு விடையைத் தள்ளி வைத்துவிடும். ஆராய்கிறவர்கள் பார்ப்பது எப்போதும் பொய் விடை. எல்லாவற்றையும் சரிபார்த்து, கட்டுரையையும் எழுதி முடித்த பிறகு, இரகசிய எண்ணைச் சொன்னால் உண்மை விடை வரும். வந்தது என்னவோ அதைத்தான் வெளியிட வேண்டும். பிறகு ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது.

"நீங்கள் போடுங்கோ அண்ணை. இங்கை வேறை ஆர் போட்டாலும் நாளைக்குச் சந்தையிலை நிக்கும்."

அவள் எழுந்துபோய்க் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய மடிக்கணினித் திரையில் ஒரு கட்டம். ஒன்றிலிருந்து இரண்டாயிரத்துக்குள் ஏதாவது ஓர் எண். நான் நன்றாக யோசித்தேன். பிறந்த ஆண்டு கூடாது, கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டு இலக்கமும் கூடாது. எவராலும் ஊகிக்க முடியாத ஓர் எண் வேண்டும். தொடங்குவது ஒரு நல்ல காரியமும்கூட. இரண்டையும் சேர்த்து யோசித்து, ஆயிரத்தெட்டு என்று அடித்தேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு காகிதத் துண்டிலும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியில் வைத்தேன்.

சின்னம்மாவால் பொறுக்க முடியவில்லை. தங்கை திரும்பிப் போன பிறகு நான் போகும் ஞாயிறுகளில் எல்லாம் கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்ப் பிரட்டல். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தம்பி, உந்த எண் இரட்டையோ ஒற்றையோ? அதை மட்டும் சொல்லு" என்பார். பண்டத்தரிப்பு மாமா அதற்கும் மேலே போனார். அவுஸ்திரேலியாக்காரர் இவ்வளவு செலவழித்துக் காப்பாற்றுகிற எண் என்றால் லொத்தர்ச் சீட்டில் விழாமல் போகாது என்று கொடிகாமம் வரை பஸ் ஏறி வந்தார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எல்லாரும் வந்து என்னைக் கதைக்கச் சொல்லிக் கெஞ்சிய காலம் அது. நல்லாகத்தான் இருந்தது.

பதினொரு மாதத்தில் கட்டுரை முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் நேரம் பதினொரு மணிக்கு வீடியோவில் எல்லாரும் கூடுவார்கள். நான் உறையைத் திறந்து எண்ணை வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணி இராகுகாலம் என்று சின்னம்மா சொன்னதை அந்தப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கவில்லை.

முந்தின செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறேன். பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கி அலறுகிறது. "மெய்யடியார்களே, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை எம்பெருமானுக்கு ஆயிரத்தெட்டு சங்காபிஷேகம்! ஆயிரத்தெட்டு சங்காபிஷேகம்!" ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நான் வீதியில் அப்படியே நின்றுவிட்டேன். பதினொரு மாதம் குழம்புக்கும் மாமாவுக்கும் மசியாமல் நான் காத்த இரகசியத்தைப் பனை உயரத்தில் குழாய் கட்டி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சங்கென்றால் ஆயிரத்தெட்டு, தேங்காயென்றால் நூற்றெட்டு, விளக்கென்றாலும் ஆயிரத்தெட்டு. நல்ல காரியத்துக்கு ஒரு பெரிய எண் சொல் என்று எங்கள் பக்கத்துச் சைவக்காரன் எவனைக் கேட்டாலும் வாயில் வருவது அதுதான். தங்கை பிறந்து வளர்ந்ததும் இப்படியொரு ஒலிபெருக்கிக்குக் கீழேதான். அவள் ஊகித்திருந்தால்? ஊகித்திருந்தால், மூடி வைத்த விடையை அவள் பதினொரு மாதமும் திறந்தே பார்த்திருக்கலாம்.

புதன்கிழமை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் வழிந்தது. கட்டுரை வடிவாக வந்திருக்கிறதாம், நேர்முகத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தானாம். நான் "ஓம்" என்றேன். "ம்" என்றேன். வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எண்ணை வாசித்தால் என் வேலை முடிந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்றே எனக்குத் தெரியாது, ஆனால் அவளுக்கு நல்லதாக இருக்காது என்பது மட்டும் தெரிந்தது. வியாழன் முழுக்க, எண்ணை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வாசிக்கப் பழகினேன். எங்கள் வீட்டு வாழைகளுக்கு அது பாடமாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை சின்னம்மா வீட்டில் இணையம் நன்றாக வேலை செய்தது. செய்யாமல் விட்டிருக்கலாம். திரையில் ஆறு முகங்கள். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மா, அவர்தான் ஆய்வுக் குழுவின் தலைவி. தங்கை பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். பல்கலைக்கழகத்தில், வேலைநாளில், பட்டு! எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உறையைத் தூக்கிக் காட்டினேன். கை தட்டினார்கள். உறையைக் கிழித்தேன். துண்டை எடுத்தேன். வாய் வரவில்லை.

"வாசியுங்கோ அண்ணை" என்றாள் தங்கை.

"தங்கச்சி, ஒரு கதை."

"பேந்து கதைப்பம். முதல் வாசியுங்கோ."

"வாசிக்க முந்தித்தான் சொல்லோணும். உந்த எண்ணை நீ ஊகிச்சிருப்பாய். நான் எங்கடை ஆக்கள் போடுற எண்ணைத்தான் போட்டிருக்கிறன்."

தமிழ் விளங்காத ஐந்து முகங்களும் சிரித்தபடி இருந்தன. ஒருவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். தங்கையின் முகம் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டது.

"அம்மா அங்கையோ?" என்றாள்.

சின்னம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இஞ்சைதான் நிக்கிறன். ஏன் பிள்ளை உனக்கு முகம் கறுத்துக் கிடக்கு? நான் சொன்னனான் இராகுகாலமெண்டு."

"அம்மா, ஒண்டிலையிருந்து ரெண்டாயிரத்துக்குள்ளை ஒரு எண் சொல்லுங்கோ. யோசியாமல்."

"என்னத்துக்கு? சாத்திரமோ?"

"சும்மா சொல்லுங்கோ."

"ஆயிரத்தெட்டு" என்றார் சின்னம்மா.

தங்கை கண்ணை மூடினாள். கையிலிருந்த துண்டை நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். அவள் அவருக்கு மறுமொழி சொல்லாமல் எனக்குத்தான் சொன்னாள்.

"நான் போன கார்த்திகையிலையே ஆயிரத்தெட்டைப் போட்டுப் பாத்திட்டன் அண்ணை. பகிடிக்கு. ஒருக்காத்தான். மாறியிருக்கு எண்டு வந்துது. அவ்வளவு வடிவா வந்துது. அண்டையிலிருந்து நான் ஒரு பிழையும் தேடேல்லை."

அதன்பிறகு அவள் ஆங்கிலத்தில் தலைவியிடம் சொன்னாள். எனக்கு எல்லாம் விளங்கவில்லை. 'அண்ணன்', 'கோவில்' என்று வந்ததும், கடைசியில் 'என் பிழை' என்று சொன்னதும் விளங்கியது. சங்குகளைப் பற்றிச் சொன்ன இடத்தில் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்தது.

"என்ன, வெண்டாச்சோ?" என்றார் சின்னம்மா.

வெல்லவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொன்னார்கள். இரகசிய எண்ணை இந்த முறை கணினி தானாகவே எடுத்துத் தானாகவே ஒளித்துக்கொண்டது. கணினிக்குச் சமயம் இல்லை. அதுதான் அதன் ஒரே தகுதி என்று நினைக்கிறேன், என் கையில் இருந்த வேலை அதற்குப் போய்விட்டது.

தங்கை என்னோடு கதைக்கவில்லை. ஆறு கிழமை. செய்தியெல்லாம் சின்னம்மா மூலம் வந்தது. "உன்னிலை சரியான கோவமாம்" என்பார். அடுத்த கிழமை, "இப்பவும் கோவந்தானாம், ஆனால் நீ சாப்பிடுறியோ எண்டு கேட்டவள்" என்பார். நேர்முகம் வந்தது. அவள் கையில் விடை இல்லை. அவர்கள் கேட்டதற்கு நடந்ததை அப்படியே சொன்னாளாம். வேலை வேறொருவருக்குப் போனது. அதைக் கேட்ட அன்று சந்தையில் ஒரு வியாபாரியின் தராசில் வைக்கப் போன ஐந்து கிலோக் கல்லை என் காலில் போட்டுக்கொண்டேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் அவள் பிழையைக் கண்டுபிடித்திருந்தாள். தேடினால் பிழை இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. கோடுகளை அளக்க அவர்கள் ஒரு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். அந்த விளக்கின் ஒளிதான் அளவுகோல். விளக்கின் ஒளியும் வானத்து ஒளியும் கருவிக்குள் ஒரே வழியால்தான் போகின்றன என்று நம்பியிருந்தார்கள். மயிரிழை வித்தியாசம் இருந்தது. அதனால் அளவுகோல் ஒரு நுனியில் சற்று நீண்டிருந்தது. மாறியது வானம் இல்லை, இவர்கள் வைத்து அளந்த அடிமட்டம்.

அதைத் திருத்தி, மற்றதையெல்லாம் மறுபடி பார்த்து, இரண்டாம் தரம் திறந்தபோது என்னையும் கூப்பிட்டாள். வாசிக்க ஒன்றும் இல்லை, சும்மா இருக்கச் சொன்னாள். அது எனக்கு வரும். திரையில் விடை வந்தது. வித்தியாசம் இல்லை. அவர்களால் அளக்கக்கூடிய அளவுக்குள், அங்கேயும் இதே எண்தான். யாரும் கை தட்டவில்லை. தங்கை கட்டுரையை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

இந்த வருடம் சின்னம்மாவின் மற்றக் கண்ணுக்கு வந்திருக்கிறாள். நான் போன ஞாயிறு படலையைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"பிள்ளை, வானத்திலை என்ன கண்டுபிடிச்சனீர்?"

"அங்கையும் இங்கை மாதிரித்தான் அக்கா. ஒண்டும் மாறேல்லை."

"அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தாறவையே?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்குத் தருவினம்."

அக்கா போன பிறகு அவள் என் அருகில் வந்து திருகாணிகளைப் பொறுக்கித் தந்தாள்.

"எனக்கு உங்களிலை ஏன் கோவம் எண்டு தெரியுமே? அண்டைக்கு நீங்கள் பேசாமல் எண்ணை வாசிச்சிருந்தால், நானும் பேசாமல்தான் இருந்திருப்பன். எல்லாம் தெரிஞ்சுகொண்டு."

"ஓம்" என்றேன்.

"ஓம் எண்டால்?"

"நானும் வாசிக்கிறதெண்டுதான் வந்து இருந்தனான். துண்டை எடுக்கேக்கைதான் வாய் வரேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாளா, ஏசப் போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லை. உள்ளே போய் மடிக்கணினியை எடுத்துவந்து, விளக்கைத் திருத்திய பிறகு வானத்தின் மறுபக்கத்தில் புதிதாக எடுத்த கோடுகள் என்று காட்டினாள். கறுப்பாக, நெருக்கமாக, நிறையக் கோடுகள். நல்லதா கூடாததா என்று கேட்டேன்.

"தெரியாது. விடை மூடித்தான் கிடக்கு" என்றாள்.